பாவ அறிக்கையும் மன்னிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கேள்விகள் நான் சபை ஊழியத்தில் இருந்த ஆண்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை. பெரும்பாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கடைசியாக நிற்கும் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஐயா, ஒரு சந்தேகம், எனக்குத் தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்குவார். அந்த "தெரிந்த ஒருவர்" யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் சீர்திருத்தத் திருச்சபை மரபைச் சேர்ந்தவன்; கத்தோலிக்க மரபு வேறுபடும் இடங்களை அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன். வேத வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். இதை வாசிப்பவர்களில் பலருக்கும் மனப்பாடமாக இருப்பது அதுதான்.

பாவ அறிக்கை என்பது உண்மையில் என்ன?

புதிய ஏற்பாட்டில் "அறிக்கையிடு" என்று தமிழில் வரும் இடங்களில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் "ஹோமோலொகேயோ" என்பதாகும். "ஹோமோ" என்றால் ஒரே, ஒத்த. "லோகோஸ்" என்றால் சொல். ஆகவே அறிக்கையிடுதல் என்பதன் அடிப்பொருள் "அதே சொல்லைச் சொல்லுதல்". நான் செய்த காரியத்துக்குக் கடவுள் என்ன பெயர் வைத்திருக்கிறாரோ, அதே பெயரை நானும் வாய்திறந்து சொல்வதுதான் அறிக்கை.

இது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம். நம் ஒவ்வொருவரிடமும் நாமே தயாரித்த ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. அலுவலகப் பணத்தை எடுத்தவர் அதைக் "கைமாற்று" என்பார். பொய் சொன்னவர் "சமாளித்தேன்" என்பார். மனைவியை அடித்தவர் "கை ஓங்கிவிட்டது" என்பார், ஏதோ அந்தக் கை அவருடையது அல்ல என்பதுபோல. லஞ்சத்துக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதையான பெயர்களைத் தொகுத்தாலே ஒரு சிறு அகராதி ஆகும். இந்தச் சொற்களைக் கீழே வைத்துவிட்டு, "திருடினேன்", "பொய் சொன்னேன்", "அடித்தேன்" என்று சொல்லும் அந்த நொடியில் அறிக்கை தொடங்குகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தப்பு வழி உண்டு. "நான் ஒன்றுக்கும் உதவாதவன், என்னைப்போல் பாவி உலகத்திலேயே இல்லை" என்று புலம்புவது பக்தியாகத் தோன்றலாம். ஆனால் அதில் செயல் எதுவும் பெயர் சொல்லப்படவில்லை. யாருக்கு, எப்போது, என்ன செய்தேன் என்பது அந்தப் புலம்பலுக்குள் வசதியாக மறைந்துகொள்கிறது.

கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகு ஏன் சொல்ல வேண்டும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. இதற்கு வேதாகமத்தில் இருக்கும் மிகக் கூர்மையான பதில் 32ஆம் சங்கீதம் என்று நினைக்கிறேன். அந்தச் சங்கீதக்காரர் தாம் பேசாமல் இருந்த நாட்களை உடம்பில் நடந்த ஒன்றாகவே விவரிக்கிறார்: "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று." அடுத்த வசனத்தில், தம் சாரம் "உஷ்ணகால வறட்சிபோல" வறண்டது என்கிறார். சித்திரை, வைகாசியில் கண்மாய் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமைக்கு விளக்கம் தேவைப்படாது. மறைத்துவைத்தது கடவுளுக்குத் தெரியாமல் போகவில்லை, மறைத்தவர்தான் வறண்டுபோனார்.

இந்தச் சங்கீதத்தின் எபிரெய மூலத்தில் தமிழில் முழுமையாகத் தெரியாத ஒரு நயம் இருக்கிறது. முதல் வசனம், "எவனுடைய பாவம் மூடப்பட்டதோ, அவன் பாக்கியவான்" என்கிறது. ஐந்தாம் வசனம், "நான் என் அக்கிரமத்தை மறைக்காமல், என் பாவத்தை உமக்கு அறிவித்தேன்" என்கிறது. "மூடப்பட்டது", "மறைக்காமல்" என்ற இரண்டும் மூலத்தில் ஒரே வினைச்சொல்லின் வடிவங்கள். பாவத்தை மூடுவது யார் என்பதே அங்கே கேள்வி. நான் மூடினால் அது உள்ளேயே அழுகும். நான் திறந்து காட்டினால் கடவுள் தம் இரக்கத்தால் மூடுவார். "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான்" என்ற நீதிமொழிகள் 28:13லும் அதே வினைச்சொல்தான் வருகிறது.

அதே முதல் வசனத்தில் "மன்னிக்கப்பட்டது" என்று வரும் சொல்லுக்கு எபிரெயத்தில் தூக்குதல், சுமத்தல் என்று பொருள். எனவே, மன்னிப்புக் கிடைத்தவர்கள் "பாரம் இறங்கிவிட்டது" என்று சொல்வதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. மன்னிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் பாரமும் அதைத் தூக்கிக்கொண்டு போகிற ஒருவரும் இருக்கிறார்கள்.

மனம்விட்டுச் சொல்லிவிட்டாலே நிம்மதி வந்துவிடுமா?

வராது. இதைச் சொல்லும்போது சிலர் அதிர்ச்சி அடைகிறார்கள், ஏனென்றால் "கொட்டித் தீர்த்துவிட்டால் சரியாகிவிடும்" என்பது நாம் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லும் புத்திமதி. ஆனால் மத்தேயு 27ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். யூதாஸ் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுவந்தான். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று, சுற்றிவளைக்காமல், செயலின் பெயரைச் சொல்லியே அறிக்கையிட்டான். நல்ல அறிக்கைக்கு என்னென்ன வேண்டும் என்று நாம் பட்டியல் போடுவோமோ அவற்றில் ஏறக்குறைய எல்லாமே அவனிடம் இருந்தன. ஆனால் அவன் அதைச் சொன்ன இடம் பிரதான ஆசாரியரும் மூப்பரும் கூடியிருந்த இடம். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு."

வேதாகமம் முழுவதிலும் இதைவிடக் கொடிய வாக்கியத்தை நான் வாசித்ததில்லை. பாவத்தைச் சுமந்துகொண்டு வந்தவனிடம், பாவிகளுக்காகப் பலியிடும் உத்தியோகத்தில் இருந்தவர்களே, "நீயே வைத்துக்கொள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

யூதாஸ் காட்டிக்கொடுத்த அதே இரவில் இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுருவோ வெளியே போய் மனங்கசந்து அழுததாக மட்டுமே வாசிக்கிறோம். அவர் பேசிய வார்த்தை எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் இயேசு திரும்பி அவரைப் பார்த்தார் என்று லூக்கா எழுதுகிறார். பேதுரு அழுதது அந்தப் பார்வைக்கு முன்னால். ஆறுதல் பிறப்பது சொல்வதிலிருந்து அல்ல, கேட்பவரிடமிருந்து. "எங்களுக்கென்ன" என்று சொல்லாத ஒருவரிடம் சொல்லும்போதுதான் பாரம் இறங்க ஓர் இடம் கிடைக்கிறது. 1 யோவான் 1:9 வாக்குக் கொடுப்பதும் இதைத்தான்: "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." அங்கே அழுத்தம் விழுவது நம் அறிக்கையின் தரத்தின் மேல் அல்ல, அவருடைய குணத்தின் மேல்.

யாரிடம் அறிக்கையிட வேண்டும்? கடவுளிடம் நேரடியாகவா, குருவானவரிடமா?

கடவுளிடம் நேரடியாக அறிக்கையிடலாம் என்பதில் எந்த மரபுக்கும் கருத்துவேறுபாடு இல்லை. வேறொரு மனிதர் முன்னிலையில் சொல்வது அவசியமா என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

கத்தோலிக்கத் திருச்சபையில், புத்தி விவரம் தெரிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. இன்று அதை ஒப்புரவு அருளடையாளம் என்று அழைக்கிறார்கள். குருவானவர் அங்கே கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும், எவரிடமும், எவ்வகையிலும் வெளிப்படுத்தக் கூடாது. பழைய தமிழ் ஞானோபதேசம் இதற்குச் சொல்லித்தரும் ஐந்து காரியங்கள், ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களைக் குருவிடம் சொல்லுதல், அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்த்தல் ஆகியவை. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தங்களைச் சோதித்துப் பார்க்க இந்த வரிசை நன்றாகவே உதவும் என்பது என் கருத்து; என் மரபைச் சேர்ந்த சிலர் இதற்காக என்னைக் கடிந்துகொள்ளக்கூடும்.

தமிழ் அச்சின் வரலாறே இந்தக் காரியத்தோடு பின்னிக்கிடக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. முத்துக்குளித்துறையில், புன்னைக்காயலில் தங்கி ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட இன்னொரு நூல், பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்பதைக் கற்பிக்கும் கையேடு. பரதவ மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே எதை முதலில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று யோசித்தபோது, பாவத்தைச் சொல்வதற்கான வார்த்தைகள் அவருக்கு அவ்வளவு அவசரமாகத் தோன்றியிருக்கின்றன.

லூத்தர் பாவசங்கீர்த்தனத்தை முற்றிலும் ஒழித்துவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. அவர் எதிர்த்தது அதைக் கட்டாயமாக்கியதையும், பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்தையும். 1530இல் வெளியான, லூத்தரன் சபைகளின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவு, தனிப்பட்ட பாவமன்னிப்பு அறிவிப்பு சபைகளில் நீடிக்க வேண்டும் என்றும், ஆனால் எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்வது அவசியமில்லை என்றும் கூறுகிறது. தென்னிந்தியத் திருச்சபை போன்ற சபைகளில் ஆராதனையின் போது எல்லோரும் சேர்ந்து பொது அறிக்கையைச் சொல்கிறோம், பிறகு ஆயர் மன்னிப்பை அறிவிக்கிறார். இது நல்ல ஒழுங்கு. ஆனால் "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்ற பன்மைக்குள் "நான்" ஒளிந்துகொள்ள முடியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருநூறு பேர் ஒரே குரலில் சொல்லும் ஜெபத்தில் என் குரல் எனக்கே கேட்பதில்லை.

யாக்கோபு 5:16, "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்கிறது. ஆகவே, கடவுளிடம் பலமுறை சொல்லியும் ஒரு காரியம் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தால், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், அவர் ஆயராக இருந்தாலும் மூத்த விசுவாசியாக இருந்தாலும், ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் மூடத் தெரிந்தவரா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் கதையை உங்களிடம் சொல்கிறவர் உங்கள் கதையை அடுத்தவரிடம் சொல்லுவார்.

சபையார் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டுமா?

பாவம் எவ்வளவு தூரம் பரவியதோ, அறிக்கையும் அவ்வளவு தூரம் போனால் போதும். சபைப் பணத்தைக் கையாடியவர் சபையிடம் சொல்ல வேண்டும். மனதுக்குள் மட்டும் நடந்ததை மேடையில் சொல்ல வேண்டியதில்லை. சாட்சிக் கூட்டங்களில் பழைய பாவங்களை விலாவாரியாக, சற்றுச் சுவையும் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை; கேட்கிறவர்களுக்குப் பாவம் நினைவில் நிற்கிறது, இரட்சிப்பு நிற்பதில்லை. யாரையும், முக்கியமாக ஓர் இளம் பெண்ணை, சபையின் நடுவில் நிறுத்திப் பலவந்தமாகப் பேசவைப்பதற்கு அறிக்கை என்று பெயர் இல்லை. அது அவமானப்படுத்துதல்.

கடவுள் மன்னித்துவிட்டார் என்றால், நான் யாருக்குத் தீங்கு செய்தேனோ அவரிடமும் போக வேண்டுமா?

போக வேண்டும். எண்ணாகமம் 5ஆம் அதிகாரம், தீங்கு செய்தவன் தன் பாவத்தை அறிக்கையிட்டு, எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, பாதிக்கப்பட்டவனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவன் இல்லாவிட்டால் அவன் உறவின்முறையானுக்குக் கொடுக்க வேண்டும். மலைப்பிரசங்கத்தில் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாகவே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னான்.

இது எப்படி நடக்கும் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் இதைப் பிறருக்குச் சொல்லலாம் என்று எனக்கு அனுமதி தந்திருந்தார். இன்று அவர் உயிரோடு இல்லை. அவர் மளிகைக்கடை நடத்தியவர். ஒரு மாலையில், விளக்கு வைத்த பிறகு, துணிப்பையில் ஒரு பழைய பற்று நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நோட்டின் சில பக்கங்களைத் திருப்பி, ஒரு விதவைத் தாயின் கணக்கைக் காட்டினார். பல இடங்களில் ஒன்று என்ற இலக்கத்தின் தலையில் ஒரு சிறு கோடு இழுக்கப்பட்டு ஏழாக மாற்றப்பட்டிருந்தது. பதினொன்று பதினேழாகியிருந்தது, இருபத்தொன்று இருபத்தேழாகியிருந்தது. அந்தக் கோடுகளின் மை மட்டும் மற்றதைவிடச் சற்றுக் கறுத்திருந்தது. "பார்த்தாலே தெரியுது, இல்லையா ஐயா?" என்று கேட்டார். தெரிந்தது.

அந்தத் தாய் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறு ரூபாயாகக் கூட்டினோம். அதோடு ஐந்தில் ஒரு பங்கையும், அவராகவே மனமுவந்து இன்னும் கொஞ்சத்தையும் சேர்த்தார். மறுநாள் அந்த வீட்டுக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். மகள் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் பக்கங்களைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "அம்மாவுக்குத் தெரியும் அண்ணாச்சி. அடுக்களைக் கதவுக்குப் பின்னால கரியால கோடு போட்டு வச்சிருந்தாங்க. கடன் குடுக்க வேற கடை இல்ல. அதான் கேக்கல."

அவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "சரி, வெயிலுக்கு முன்னால கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் பேருந்தில் அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. நிம்மதி தேடிப் போனவருக்கு அன்று கிடைத்தது, தாம் செய்தது என்ன என்பதை முதல் முறையாக மறுபக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு. அதுவரை அவருடைய அறிக்கை இலக்கங்களைப் பற்றியதாக இருந்தது. அன்றுதான் அதில் ஒரு மனுஷி வந்தார். பாதிக்கப்பட்டவர் உங்களை மன்னிக்கக் கடமைப்பட்டவர் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். கடவுள் தரும் மன்னிப்பை நம்பியே அந்த வாசற்படியை மிதிக்க வேண்டும். அங்கே கிடைக்கப்போகும் பதிலை நம்பி அல்ல.

என் கணவரிடம் அல்லது மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதிலை இதற்கு என்னால் தர இயலாது. துரோகம் இன்னும் தொடர்ந்தால், அல்லது அதனால் துணைவரின் உடல்நலத்துக்கு ஆபத்து இருந்தால், மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர் நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆனால் என்றோ முடிந்துபோன ஒன்றை, உங்கள் தோள் வலிக்கிறது என்பதற்காக மட்டும் இறக்கி, எந்த ஆயத்தமும் இல்லாத இன்னொருவர் தலையில் ஏற்றிவைப்பதற்கு முன், ஆயரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ பேசுங்கள். எப்போது, எப்படி, எவ்வளவு என்பதை அவசரமில்லாமல் தீர்மானிக்கலாம். நள்ளிரவில் குற்ற உணர்வு பொறுக்க முடியாமல் எழுப்பிச் சொல்லாதீர்கள்.

நான் செய்தது சட்டப்படியும் குற்றம். கடவுள் மன்னித்தால் போதாதா?

உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைக் கொல்லவைத்த தாவீது ராஜாவைப் பாருங்கள். பத்சேபாளின் குழந்தை பிறந்த பிறகே தீர்க்கதரிசி நாத்தான் வந்தார் என்பதால், தாவீது பல மாதங்கள் வாய்திறக்காமல் இருந்திருக்கிறார். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்னதும், "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றார். அதே வசனத்தில் மன்னிப்பும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் விளைவுகள் நீங்கவில்லை. பட்டயம் அவர் வீட்டைவிட்டு விலகாது என்ற வார்த்தை நின்றது. சிலுவையில் தொங்கிய கள்ளனும், "நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம்" என்று ஒப்புக்கொண்டான். அவனுக்குப் பரதீசு வாக்களிக்கப்பட்டது. சிலுவையிலிருந்து இறங்க அவன் கேட்கவும் இல்லை.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் இதில் யோசிப்பதற்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். இதில் "உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று சொல்லும் சபைத் தலைவர்கள் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை, மறைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அதே பாவத்தை மறுபடியும் செய்துவிட்டேன். மறுபடியும் மன்னிப்பாரா?

மன்னிப்பார். பேதுருவிடம் ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்னவர் தாம் அதற்குக் குறைவாகச் செய்யமாட்டார். ஆனால் நீதிமொழிகள் 28:13 "அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" என்று இரண்டு வினைகளைச் சேர்த்தே சொல்கிறது. விடுவதற்கு ஜெபத்தோடு சில சாதாரண ஏற்பாடுகளும் வேண்டும். சம்பள நாளில் கடை இருக்கும் தெரு வழியாக வராமல் இருப்பதும், இரவில் கைபேசியை வேறு அறையில் வைப்பதும் ஆவிக்குரிய காரியங்களே.

நான் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பரிசுத்த ஆவிக்கு விரோதமாகத் தூஷணம் சொல்கிறவனுக்கு மன்னிப்பில்லை என்ற வார்த்தை மாற்கு 3ஆம் அதிகாரத்தில் யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்தியதைக் கண்ணால் கண்டும், அது பிசாசின் வேலை என்று துணிந்து சொன்ன வேதபாரகரிடம் சொல்லப்பட்டது. அவர்களுக்குப் பயம் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயமே நீங்கள் அவர்களில் ஒருவர் அல்ல என்பதற்கு அடையாளம்.

அறிக்கையிட்டேன், திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன், ஆனாலும் நிம்மதி இல்லை. ஏன்?

சிலருக்கு மன்னிப்பு உடனே உணர்வாக இறங்குவதில்லை. அதனால் மன்னிப்பு இல்லை என்று ஆகிவிடாது. "நம்முடைய இருதயம் நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று 1 யோவான் 3:20 சொல்கிறது. அதாவது, உங்கள் மனம் நடத்தும் நீதிமன்றம் கடைசி நீதிமன்றம் அல்ல; அதற்கு மேல் ஒன்று இருக்கிறது.

ஆனால் சிலருடைய நிலை இதைவிடக் கடினமானது. அறிக்கையிட்ட பத்தாவது நிமிடத்தில், "சரியாகச் சொன்னேனா, ஒன்றை விட்டுவிட்டேனா, முழு மனதோடு சொன்னேனா" என்று தொடங்கி, மறுபடியும் மறுபடியும் அறிக்கையிடுவார்கள். இது புதிய நோய் அல்ல. பின்னாளில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்த மாதங்களில் இப்படித்தான் தவித்தார். சொன்ன பாவங்களையே திரும்பச் சொன்னார், எழுதியும் கொடுத்தார், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனார். எர்ஃபுர்ட் மடத்தில் இளம் துறவியாக இருந்த லூத்தரும் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்து, தமக்கு வழிகாட்டியாக இருந்த ஸ்டௌபிட்ஸைச் சலிப்படைய வைத்தார். பிற்காலத்தில் கிறிஸ்தவ உலகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற இந்த இருவரும் ஒரே படுகுழியிலிருந்து ஏறி வந்தவர்கள்.

இந்தத் தவிப்பு உங்களுக்கு இருந்தால், இன்னொரு அறிக்கை மருந்தாகாது. அது நோய்க்குத் தீனி. ஒரே ஓர் ஆயரையோ குருவையோ தேர்ந்தெடுத்து, அவர் "போதும்" என்று சொல்லும்போது நிறுத்துங்கள். கை கழுவிக்கொண்டே இருப்பதைப் போலவே பாவத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பதும் ஓசிடி என்ற மனநோயின் வடிவமாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவர்களிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று எவராவது சொன்னால், அவர் பல்வலிக்கு எங்கே போகிறார் என்று கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், இந்த வரிகளை வாசிப்பதை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம். "அது உன்பாடு" என்று ஒருவரும் உங்களை அனுப்பிவிடக் கூடாது.

எனக்கு ஜெபிக்கத் தெரியாது. என்ன வார்த்தைகளால் தொடங்குவது?

அழகான வார்த்தைகள் தேவையில்லை. ஆயக்காரன் சொன்னது ஒரே வாக்கியம்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லுங்கள், அதன் உண்மையான பெயரோடு. காரணங்கள் வாயில் வந்தால், அவற்றையும் காரணங்கள் என்று தெரிந்தே சொல்லுங்கள். எழுதினால் எளிதாக இருக்கும் என்றால் ஒரு தாளில் எழுதி, வாசித்து, கிழித்துப்போடுங்கள். 51ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பதும் உதவும். உங்களுக்கு வார்த்தை வராத இடங்களில் அது வார்த்தை தரும்.

முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதிலும் தவறில்லை. லூக்கா 15இல் இளைய மகன் பன்றிகளின் நடுவே உட்கார்ந்து தன் அறிக்கையைத் தயாரித்தான். அதில் மூன்று பகுதிகள் இருந்தன: "பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்" என்பது முதலாவது, உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரன் அல்ல என்பது இரண்டாவது, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது மூன்றாவது. வழியெல்லாம் அவன் அதைச் சொல்லிப் பார்த்திருப்பான். ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, ஓடிவந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டார். மகன் முதல் இரண்டையும் சொன்னான். 21ஆம் வசனத்தையும் 19ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளச் சொல்லும் அந்த மூன்றாவது பகுதியை அவன் சொல்லவே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரர் பக்கம் திரும்பி, உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.